கால் வைஸ் மக்கர் செய்தால்: கோளாறு பார்த்துச் சரிசெய்யும் வழி

தாராவியில் 90 அடி ரோட்டை ஒட்டிய சந்து ஒன்றில் கேட், கிரில் செய்கிற சின்னப் பட்டறை எங்களுடையது. இரும்பைக் கவ்விப் பிடிக்க வாசலில் ஆள் மாதிரி நிற்கும் பழைய கால் வைஸைப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, எங்கிட்டயும் இதே மாதிரி ஒண்ணு கிடக்கு, திரும்ப மாட்டேங்குது" என்று வந்து நிற்பவர்கள் நிறைய. பாதிப் பேர் தாருகானாவில் கப்பல் உடைத்த இரும்போடு எடை போட்டு வாங்கியவர்கள். மீதிப் பேருக்கு அப்பாவோ மாமாவோ மில் ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்திருப்பார். 1982 ஜனவரியில் ஸ்டிரைக் தொடங்கி, ஒவ்வொன்றாக மில்கள் மூடியபோது எத்தனையோ சாமான் பங்கார் கடைக்கு, அதாவது பழைய இரும்புக் கடைக்கு, வந்தது. அதில் ஒன்று வீட்டு மூலையில் கிடக்கும்.

என் கைக்கு வந்ததில் உண்மையாகவே செத்த வைஸ் ரொம்பக் குறைவு. அப்படிச் செத்ததிலும் பலவற்றைக் கொன்றது துரு கிடையாது. அவசரப்பட்டு நெருப்பு காட்டியவரும், கைப்பிடியில் பைப் சொருகி மிதித்தவரும்தான். அதனால் கீழே ஒவ்வொரு கோளாறுக்கும் டீச்செலவில் முடிவதை முதலில் சொல்லி, லேத்துக்குக் காசு கொடுக்க வேண்டியதைக் கடைசியில் வைத்திருக்கிறேன். வரிசையை மாற்றாதீர்கள்.

சாமான்களுக்கு நான் சொல்லும் பெயர்: தரைவரை இறங்குவது நிலைக்கால். அதனோடு அடியில் கீல் போட்டு ஆடுவது ஆடுகால். இரண்டு காலின் மேல்முனையில் பொருளைக் கவ்வுவது தாடை. நடுவில் திருகு. திருகு போய் நுழைகிற, உள்ளே மரை உள்ள இரும்புக் குழல் நட்டுக்குழல். இரண்டு காலையும் விலக்கித் தள்ளும் பட்டை வில். மேசையோடு பிடிப்பது பிராக்கெட், அதை இறுக்குவது ஆப்பு.

## கையில் கிடைத்தது என்ன என்று தெரியவில்லை

முதல் கேள்வி, அடித்துச் செய்ததா, வார்த்ததா? பெஞ்ச் வைஸ் பெரும்பாலும் வார்ப்பிரும்பு. அதில் சம்மட்டி போட்டால் ஒருநாள் தாடை உடையும். கால் வைஸ் கொல்லன் சம்மட்டி அடிக்காகவே பிறந்தது. நல்லது எல்லாம் உலையில் அடித்து உருவாக்கியது. அடி விழுந்தால் தாடையில் இருந்து நிலைக்கால் வழியாகத் தரைக்குப் போய்விடும்.

பார்க்கும் முறை எளிது. பக்கவாட்டில் நேர்க்கோடாக அச்சு இணைப்புத் தடம் ஓடினால் வார்ப்பு என்று சந்தேகப்படுங்கள். மறைவான இடத்தில் கிரைண்டரை லேசாகத் தொட்டுப் பொறியைப் பாருங்கள். வார்ப்பிரும்பில் பொறி குட்டையாக, மங்கிய சிவப்பாக விழும். பழைய தேனிரும்பில் (ராட் அயர்ன்) வைக்கோல் நிறத்தில் நீளமாக ஓடும், கிளை பிரிவது குறைவு. தாடையின் முகத்தில் தொட்டால் பொறி வெளுத்துக் கிளைகிளையாக வெடிக்கும், ஏனென்றால் அங்கே மட்டும் எஃகுத் தகடு வைத்துப் பற்றியிருப்பார்கள். கால் தேனிரும்பாகவும் தாடை முகம் எஃகாகவும் இருந்தால் விட்டுவிடாதீர்கள், வாங்குங்கள். தேனிரும்பு துருப்பிடித்து அரித்த இடத்தில் மரத்தின் நார் போலக் கோடு தெரியும். அதையும் ஒரு சாட்சியாக எடுத்துக்கொள்ளலாம்.

அப்புறம் எழுத்து. கம்பி பிரஷ்ஷால் நட்டுக்குழலையும் ஆடுகாலின் பக்கவாட்டையும் தேயுங்கள். இங்கிலாந்தில் டட்லி ஊரின் பீட்டர் ரைட் கம்பெனி முத்திரை பம்பாயில் அடிக்கடி கண்ணில் படும். வெறும் எண் மட்டும் குத்தியிருந்தால் பெரும்பாலும் அது பவுண்டு எடை. 60 என்றால் சுமார் 27 கிலோ. தராசில் வைத்துப் பாருங்கள். ரொம்பக் குறைந்தால் ஏதோ ஒரு பாகம் காணாமல் போயிருக்கிறது. அகன்ற அம்புக்குறி இருந்தால் பிரிட்டிஷ் அரசுச் சொத்தாக, பெரும்பாலும் ராணுவத்தில், இருந்தது என்று பொருள்.

ஜி.ஐ.பி. என்றோ பி.பி. அண்டு சி.ஐ. என்றோ குத்தியிருந்தால் அது ரயில்வே வைஸ். 1951 நவம்பரில் அந்த இரண்டு கம்பெனிகளும் மத்திய ரயில்வே, மேற்கு ரயில்வே என்று ஆகிவிட்டதால், வைஸின் வயதும் ஓரளவு தெரிந்துவிடும். ஆனால் ஒரு எச்சரிக்கை. ரயில்வே முத்திரை உள்ள சாமானை ஏலச்சீட்டு இல்லாமல் வைத்திருப்பது வம்பு. அதற்கென்றே 1966இல் போட்ட சட்டம் இருக்கிறது. பங்கார் கடை சேட்டிடம் பில் கேட்டு வாங்கி, வைஸ் இருக்கும் வரை பத்திரமாக வைத்திருங்கள்.

## திருகு அசையவே இல்லை

பத்துப் பேர் வந்தால் முக்கால்வாசி இதற்காகத்தான். கைப்பிடியில் பைப் போடும் ஆசை இப்போதுதான் வரும். போடாதீர்கள். கைப்பிடி வளைகிறது என்றால் அது கெஞ்சுகிறது என்று அர்த்தம். அதற்கு மேல் போனால் திருகின் தலைதான் முறுக்கிக்கொள்ளும்.

முதலில் எந்த இடம் பிடித்திருக்கிறது என்று கண்டுபிடியுங்கள். திருகுத் தலைக்கும் ஆடுகாலுக்கும் நடுவே உள்ள வாஷர், நட்டுக்குழலின் உள்மரை, அடியில் உள்ள கீல் என்று மூன்று இடம். திருகுத் தலை, வாஷர், ஆடுகால் மூன்றின் மேலும் ஒரே கோடாகச் சாக்பீஸ் இழுங்கள். கைப்பிடியைக் கையால் மட்டும் இடமும் வலமும் அசையுங்கள். கோடு தலைக்கும் வாஷருக்கும் நடுவே மயிரிழை அளவு உடைந்தாலும் உள்ளே உயிர் இருக்கிறது. இம்மிகூட அசையவில்லை என்றால் மரைதான்.

பெயின்ட் பிடித்திருந்தால். கப்பலில் இருந்து வந்ததில் இதுதான் முதல் சந்தேகம். இன்ஜின் ரூமில் அசையாத எதையும் பெயின்ட் அடித்துவிடுவார்கள் போல. வாஷரைச் சுற்றி ஐந்தாறு பூச்சு காய்ந்து ஒரே கட்டியாக நிற்கும். கூரான கத்தியால் வாஷரின் விளிம்பைச் சுற்றிக் கீறிவிடுங்கள். இந்தப் பெயின்ட்டை எரிக்காதீர்கள், கிரைண்டர் போட்டுத் தூளாகப் பறக்கவும் விடாதீர்கள். பழைய கப்பல் பெயின்ட்டில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். ஈரத்துணி வைத்துச் சுரண்டி எடுங்கள். பிள்ளைகள் விளையாடும் சந்தில் இந்த வேலை வேண்டவே வேண்டாம்.

துரு, காய்ந்த கிரீஸ். டீசலும் பழைய கியர் ஆயிலும் சரிபாதி கலந்து ஊற்ற வேண்டும். ஆனால் எங்கே ஊற்றுவது என்பதில்தான் எல்லாரும் தவறுகிறார்கள். பல வைஸ்களில் நட்டுக்குழலின் பின்வாய் மூடியிருக்கும். வைஸ் நிற்கிற நிலையில் வெளியே ஊற்றினால் எண்ணெய் தரைக்குப் போகும், மரைக்குப் போகாது. வைஸை மல்லாக்கப் போட்டுத் திருகுத் தலை வானத்தைப் பார்க்கும்படி முட்டுக் கொடுத்து நிறுத்துங்கள். வாஷரைச் சுற்றிக் களிமண்ணால் ஒரு கிண்ணம் கட்டுங்கள். எங்களுக்குக் குயவர்கள் இருக்கும் கும்பார்வாடா பக்கத்திலேயே இருப்பதால் பிசைந்த மண்ணுக்குப் பஞ்சமில்லை. உங்களுக்குக் கோதுமை மாவு போதும். கிண்ணத்தில் எண்ணெய் நிரப்பி, வற்ற வற்ற ஊற்றி, நான்கு நாள் விட்டுவிடுங்கள். பின்வாய் திறந்த குழல் என்றால் தலைகீழாக நிறுத்தி அந்தப் பக்கம் இருந்தும் இதையே செய்யலாம்.

தினமும் இரண்டு வேளை, திருகுத் தலையில் கட்டை வைத்து அதன்மேல் ஒரு கிலோ சுத்தியலால் பத்துத் தட்டு. குழலைச் சுற்றி லேசாக இன்னும் பத்து. பலமாக அடித்துப் பயனில்லை, அதிர்வுதான் எண்ணெயை உள்ளே இழுக்கும். ஐந்தாம் நாள் முதலில் இறுக்கும் பக்கம் கொஞ்சம் அசைத்து, அப்புறம் திறக்கும் பக்கம் அசையுங்கள். கால் சுற்று வந்தால் திரும்பக் கால் சுற்று உள்ளே போங்கள். வெளியே வருகிற ஆவலில் ஒரே மூச்சாகத் திருப்பினால் துருத்தூள் மரையில் சிக்கி மறுபடி பிடிக்கும்.

இன்னும் அசையவில்லை. இப்போது சூடு காட்டலாம், ஆனால் கொதிக்கும் தண்ணீர் அளவுக்கு. குழலைத் துணியால் சுற்றி, இரண்டு கெட்டில் வெந்நீரை மெதுவாக ஊற்றித் தட்டிப் பாருங்கள். இதில் பாதி வைஸ் மனம் மாறும்.

கேஸ் கட்டரை எடுக்க நினைப்பவர்கள் கொஞ்சம் நில்லுங்கள். பழைய நட்டுக்குழல் பலவற்றில் மரையை வெட்டிச் செய்யவில்லை. சதுரக் கம்பியைத் திருகின் பள்ளத்தில் சுருளாகச் சுற்றி, அதைக் குழலுக்குள் விட்டு, பித்தளை உருக்கிப் பற்றவைத்தார்கள். பித்தளை 900 டிகிரி சுற்றுவட்டத்தில் உருகும், இரும்பு நன்றாகச் சிவந்து ஆரஞ்சு நிறத்துக்குப் போகிற சூடு அது. அதுவரை காட்டினால் உள்ளே உள்ள சுருள் கழன்று திருகோடு சேர்ந்து சுற்றும். திருகு "விட்டுக்கொடுத்தது" என்று நீங்கள் சந்தோஷப்படுவீர்கள். வைஸின் மரை கழன்றது அப்போதுதான். குழலின் வாயில் மஞ்சள் கீற்று தெரிந்தால் அது இந்த ஜாதி. நெருப்பு தூரமாக இருக்கட்டும். டீசல் ஊற வைத்த சாமானில் நெருப்பு காட்டக் கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. இருந்தாலும் சொல்கிறேன், என் புருவம் ஒருமுறை போயிருக்கிறது.

எப்போது ஆளைக் கூப்பிடுவது. இரண்டு வாரம் ஊறி, வெந்நீரும் காட்டி, ஒரு மயிரிழையும் நகரவில்லை என்றால் ஹைட்ராலிக் பிரஸ் உள்ள லேத் பட்டறைக்குக் கொண்டுபோங்கள். குர்லா, சாக்கிநாக்கா பக்கம் நிறைய உண்டு. "பித்தளை வைத்த மரை, சிவக்கச் சுட வேண்டாம்" என்று வாயால் சொல்லுங்கள், சாக்பீஸால் குழல் மேல் எழுதியும் விடுங்கள். அவர்களும் அவசரக்காரர்கள்தான்.

## திருகு கொஞ்சம் சுற்றி ஓரிடத்தில் நின்றுவிடுகிறது

எப்போதும் அதே இடத்தில் நிற்கிறதா? மரைப் பள்ளத்தில் வெல்டிங் பொறி ஒட்டியிருக்கும். திருகை முழுக்கக் கழற்றி, சின்னச் சதுர அரத்தால் அந்தக் குமிழை மட்டும் எடுங்கள். மரையின் முதுகை அராவாதீர்கள்.

சுற்றும்போது தலை கோணலாக ஆடுகிறதா? திருகு வளைந்திருக்கிறது. கழற்றி, கண்ணாடியின் மேல் உருட்டினால் தெரியும். லேசான வளைவோடு எத்தனையோ வைஸ் வேலை செய்கிறது, விட்டுவிடுங்கள். சுற்றவே சிரமப்பட்டால் லேத்காரரிடம் கொடுத்து நிமிர்த்தலாம். நீங்களே சம்மட்டியால் நிமிர்த்தினால் மரை நசுங்கும்.

## திருகு திறக்கிறது, தாடை திறக்கவில்லை

கைப்பிடியைச் சுற்றினால் திருகு வெளியே வரும், ஆடுகால் அங்கேயே நிற்கும், திருகுத் தலைக்கும் காலுக்கும் நடுவே சந்து விழும். பார்த்தவுடன் பயப்படுகிற கோளாறு இது. சரிசெய்வதோ எல்லாவற்றிலும் மலிவு.

ஆடுகாலைக் கையால் இழுங்கள்.

சுலபமாக வருகிறது என்றால் வில் இல்லை, அல்லது தளர்ந்துவிட்டது. கால் வைஸில் முதலில் தொலைகிற பாகம் வில்தான். கழற்றும்போது துள்ளிப் போய் எங்காவது விழுந்திருக்கும், அல்லது பங்கார் கடையிலேயே தனியாகப் பிரித்திருப்பார்கள். பழைய ஜீப்பின் கமான் பட்டையில் (ஸ்பிரிங் பட்டை) ஒரு துண்டு வாங்கி, கொல்லனிடம் கொடுத்து மெல்லியதாக அடித்து லேசாக வளைக்கச் சொல்லுங்கள். மூன்று நான்கு மில்லிமீட்டர் கனம் போதும். ஒரு முனை நிலைக்காலில் பிராக்கெட் பிடிக்கும் இடத்தில் செருகி நிற்க வேண்டும், மறுமுனை ஆடுகாலைத் தள்ள வேண்டும். சுட்டுக் கடினமாக்க வேண்டிய அவசியமில்லை. தாடையைத் திறக்கும் பலம் இருந்தால் சரி. ரொம்பப் பலமாக வைத்தால் மூடும்போதெல்லாம் உங்கள் கைதான் வலிக்கும். இருக்கிற வில் தளர்ந்திருந்தால் கழற்றி இன்னும் கொஞ்சம் வளைத்துப் போட்டாலே ஓடும்.

கையால் இழுத்தும் வரவில்லை என்றால் கீல் துரு. கீல் போல்ட்டைக் கழற்றி, இரண்டு பக்கக் கன்னங்களுக்கும் நடுவே உள்ள துருப்பொருக்கைத் தட்டி எடுத்து, கிரீஸ் பூசிப் போடுங்கள். போல்ட் வராவிட்டால் மேலே சொன்ன டீசல் வைத்தியம்.

## இறுக்கினால் பிடிக்கவில்லை, திருகு நழுவுகிறது

இது காசு கேட்கும் கோளாறு. ஆனால் முதலில் மலிவான காரணத்தைத் தாண்டி வாருங்கள்.

நட்டுக்குழலே திருகோடு சேர்ந்து சுற்றுகிறதா? பின்பக்கம் போய்ப் பாருங்கள். பெரும்பாலான குழலில் ஒரு சின்னச் செவி இருக்கும், அது நிலைக்காலின் துளையில் உள்ள காடியில் உட்கார்ந்து குழலைச் சுற்றவிடாமல் தடுக்கும். செவி தேய்ந்தோ உடைந்தோ போனால் குழல் சுற்றும், திருகு முன்னும் போகாது பின்னும் போகாது. குழலை முன்பக்கம் இருந்து மரக்கட்டையால் தட்டினால் பின்பக்கமாக வெளியே வரும். செவிக்குப் பதிலாகச் சின்ன இரும்புத் துண்டைப் பொருத்தலாம். பித்தளை வைத்த குழலில் வெல்டிங் வேண்டாம். காடிக்கு நேராகத் துளை போட்டு, விளிம்பில் ஒரு ஊசி அடித்துவிடுங்கள், போதும்.

குழல் நிற்கிறது, திருகு நழுவுகிறது. அப்படியானால் மரை. திருகைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். சதுர மரையில் மேடும் பள்ளமும் ஏறக்குறைய ஒரே அகலம் இருக்க வேண்டும். கடைசி நுனியில் உள்ள, வேலையே செய்யாத மரையை அளவுகோலாக வைத்து நடுப்பகுதியோடு ஒப்பிடுங்கள். நடுவில் மேடு பாதியாக மெலிந்திருந்தாலும் வைஸ் இன்னும் பல வருஷம் உழைக்கும். முன்னும் பின்னும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் ஆட்டம் இருப்பது பழைய வைஸுக்குச் சகஜம், அதைச் சரிசெய்யக் காசு செலவழிக்காதீர்கள். மேடு கத்தி முனை போல ஆகியிருந்தால், அல்லது திருகோடு கம்பிச் சுருள் வெளியே வந்தால், காலம் முடிந்தது.

அப்போது மூன்று வழி. தாடை உடைந்த இன்னொரு கால் வைஸைத் தேடி, அதன் திருகையும் குழலையும் ஜோடியாக எடுத்துப் போடுவது முதல் வழி. திருகும் குழலும் ஒன்றுக்கொன்று பழகியவை, தனித்தனியாக வாங்காதீர்கள். திருகு நன்றாக இருந்து குழல் மட்டும் போயிருந்தால், பழைய குழலின் உள்ளே கடைந்தெடுத்து, திருகுக்குப் பொருத்தமான புது நட்டை உள்ளே வைத்துப் பற்றவைக்க லேத்காரரால் முடியும். இரண்டும் போயிருந்தால் புதுத் திருகும் நட்டும் கடைய வேண்டும். கடைசி வழிக்குப் போகும் முன் வைஸை எடை போட்டு, அந்தக் காசுக்கு இன்னொரு வைஸ் கிடைக்குமா என்று ஒரு நடை தாருகானா போய் வாருங்கள். நான் அப்படிப் போய் வேறு வைஸோடு திரும்பிய நாட்கள் உண்டு. உள்ளதைச் சொன்னால், சரிசெய்யாமலே பழையதை மூலையில் வைத்திருக்கிறேன்.

## தாடை இரண்டும் நேராகச் சேரவில்லை

முதலில் இது கோளாறுதானா என்று பாருங்கள். ஆடுகால் அடியில் உள்ள கீலில் சுழல்கிறது. அதனால் அகலத் திறக்கும்போது தாடைகள் மேலே விரிந்து, அடியில் நெருங்கி, சாய்வாகத்தான் நிற்கும். கனமான பொருளை விளிம்பில் மட்டும் கவ்வுவது இந்த வகையின் பிறவிக்குணம். இதைச் சரிசெய்யப் போய்த் தாடையை அராவிக் கெடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டு கையளவு காகிதத் துண்டு எடுத்து, மூடிய தாடையின் இடது முனையிலும் வலது முனையிலும் கவ்வ வைத்து இழுங்கள். இரண்டும் ஒரே மாதிரி பிடித்தால் வைஸ் நலம்.

ஒரு பக்கம் காகிதம் தளர்ந்து வருகிறது. கீல் போல்ட் தேய்ந்திருக்கலாம். தாடையைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். ஆடினால் கன்னங்களுக்கும் காலுக்கும் நடுவே மெல்லிய வாஷர் தகடு கொடுங்கள். போல்ட் துளை முட்டை வடிவமாகத் தேய்ந்திருந்தால் துளையைப் பெரிதாக்கி அடுத்த அளவு போல்ட் போடுங்கள்.

ஒரு தாடை மேலே, ஒன்று கீழே. போல்ட்டும் சரி, ஆட்டமும் இல்லை என்றால் யாரோ ஆடுகாலை முறுக்கியிருக்கிறார்கள். சூடேற்றி நிமிர்த்த வேண்டும், கொல்லன் வேலை. நீங்களாகச் செய்யாதீர்கள்.

## பிடித்த பொருள் வழுக்குகிறது

எண்ணெய், பெயின்ட்டைத் துடைத்துவிட்டு முதலில் பாருங்கள், வேடிக்கையாக இருந்தாலும் இதுதான் பல நேரம் காரணம். அப்புறம் தாடை முகத்தில் அரத்தை வைத்து இழுங்கள். அரம் வழுக்கி ஓடினால் எஃகு முகம் உயிரோடு இருக்கிறது. கொர கொரவென்று கடித்தால் யாரோ சுட்டு, அதன் கடினத்தைப் போக்கியிருக்கிறார்கள், அல்லது எஃகே தேய்ந்து தேனிரும்பு தெரிகிறது.

பெரும்பாலான வேலைக்கு அப்படியே வைத்து, மேலே தொப்பி போட்டுக்கொள்ளலாம். ஆங்கிள் இரும்பில் இரண்டு துண்டு வெட்டித் தாடை மேல் உட்கார வைத்தால் போதும். மெருகு கெடக்கூடாத வேலைக்குத் தாமிரத் தகட்டில் இன்னொரு ஜோடி. எஃகு முகம் தனியாகப் பிளந்து எழுந்திருந்தாலோ, திருகு நுழையும் கண்ணில் விரிசல் ஓடியிருந்தாலோ மட்டும் வெல்டரைக் கூப்பிடுங்கள். சாதாரண ராட் வைத்துக் குளிர்ந்த இரும்பில் போட்டால் பக்கத்திலேயே புது விரிசல் விடும். முன்சூடு காட்டி, 7018 என்ற வெல்டிங் ராட் போட்டு, சாம்பலில் புதைத்து மெல்ல ஆறவிடத் தெரிந்த ஆள் வேண்டும். அடித்துச் செய்ததல்லாத வார்ப்பு வைஸில் கண் உடைந்திருந்தால், காசு செலவழிக்காமல் திரும்பப் பங்காருக்கே கொடுத்துவிடுங்கள்.

## அடிக்கும்போது வைஸ் ஆடுகிறது, மேசையும் நகர்கிறது

கால் தரையைத் தொடுகிறதா? நிலைக்காலின் நுனியில் ஒரு முளை இருக்கும், அது கட்டையிலோ தகட்டிலோ குத்தி நிற்க வேண்டும். ஒரு தீக்குச்சி சந்து இருந்தாலும் அடியெல்லாம் பிராக்கெட் போல்ட்டுக்குப் போகும், மேசை ஆடும், போல்ட் கழறும். நம் ஊர் வாடகை காலாவில் (பட்டறை அறையில்) தரையைத் தோண்ட ஓனர் விடமாட்டார். 10 மில்லிமீட்டர் தகட்டில் முளைக்கு அளவாக ஒரு துளை போட்டு, அதைக் கனமான மரக்கட்டை மேல் வைத்து, காலை அதில் நிறுத்துங்கள். மேசைக்குப் பதில் மணல் நிரப்பிய டிரம்மில் பிராக்கெட்டைப் பற்றவைத்தால் சுற்றி நின்று வேலை செய்யலாம். தாடையின் மேல்விளிம்பு உங்கள் முழங்கை உயரத்தில் இருக்கட்டும்.

காலை வெட்டியிருக்கிறார்களா? லாரியில் ஏற்ற வசதியாக யாரோ குட்டையாக்கியிருப்பார்கள். அதே கனத்தில் கம்பி வைத்து வெல்டிங் போட்டு நீட்டலாம். இங்கே தாடை போல் பயமில்லை, எந்த வெல்டரும் செய்வார்.

ஆப்பு கழன்றிருக்கிறதா? பிராக்கெட்டின் யு வளையத்தை இறுக்குவது ஆப்பு. ஆப்பு வைத்தார்கள் என்று நாம் திட்டுவோம், இங்கே வைக்காவிட்டால்தான் வம்பு. தொலைந்திருந்தால் ஒரு பக்கம் சரிவாகக் கிரைண்டர் போட்ட இரும்புத்துண்டு இரண்டு போதும். காலையில் வேலை தொடங்கும் முன் இரண்டு தட்டு தட்டுங்கள்.

## துருவை எடுத்தாயிற்று, மழைக்காலத்தில் திரும்ப வந்துவிட்டது

பம்பாயில் ஜூனில் இருந்து செப்டம்பர் வரை துரு தூங்காது. சுத்தம் செய்த இரும்பை ஒரு ராத்திரி சும்மா விட்டால் காலையில் மஞ்சள் பூத்திருக்கும்.

துரு எடுக்க ஆசிட்டுக்குப் போகாதீர்கள். சின்ன பாகங்களை வினிகரில் ஒருநாள் போட்டு, சோடா கரைத்த தண்ணீரில் கழுவினால் போதும். பெரிய காலுக்குப் பிளாஸ்டிக் டிரம், சலவை சோடா கரைத்த தண்ணீர், 12 வோல்ட் பேட்டரி சார்ஜர். நெகட்டிவ் கிளிப் வைஸுக்கு, பாசிட்டிவ் கிளிப் வேண்டாத இரும்புத்தகட்டுக்கு. மாற்றிக் கொடுத்தால் வைஸைத்தான் கரைக்கும். பாசிட்டிவ் பக்கம் எவர்சில்வர் வைக்கவே கூடாது, தண்ணீரில் விஷக் குரோமியம் இறங்கும். ஹைட்ரஜன் வாயு வரும், அதனால் திறந்தவெளியில், பீடி இல்லாமல். வில்லை இந்தத் தண்ணீரில் போடாதீர்கள், ஹைட்ரஜன் ஏறி முறியக் கூடும். அதைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தால் போதும். கிரைண்டரில் கம்பி பிரஷ் போடுகிறீர்கள் என்றால் கண்ணாடி இல்லாமல் தொடாதீர்கள், கம்பி தெறிப்பது தெரியாது.

காய்ந்தவுடன், இரும்பில் இன்னும் சூடு இருக்கும்போதே, ஆளிவிதை எண்ணெயையும் தேன்மெழுகையும் உருக்கித் துணியால் தேய்த்துவிடுங்கள். மரைக்கும் வாஷருக்கும் கிரீஸ். ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தானாகவே பற்றிக்கொள்ளும். கொடியில் விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீர் வாளியில் போடுங்கள்.

தாடையையும் மரையையும் பெயின்ட் அடித்துப் பளபளவென்று ஆக்க ஆசைப்படுகிறவர்கள் வருவார்கள். நான் அடிப்பதில்லை. பெயின்ட்டைக் கீறி எடுப்பதற்கே எனக்கு வருஷம் பூராவும் வேலை இருக்கிறது.